செருப்பில்லாமல் பிறந்த வீட்டுக்கு

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒரு பெண் விடியற்காலையில் ரோட்டில் ஓடினால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டிருக்க வேண்டும், முதல் பஸ் கிளம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் புருஷனோடு சண்டை. நாலாவதாகக் குதிகால் வலி என்று ஒரு காரணமும் உண்டு என்பதை ஒரு ஊரையே எதிரில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தவள் நான். ஒருவரும் நம்பவில்லை. கணக்கு டீச்சராக எத்தனையோ பிள்ளைகளை அல்ஜீப்ராவையே நம்ப வைத்திருக்கிறேன். இது மட்டும் எடுபடவில்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தோட்டத்தை என் வீட்டுக்காரர் செங்கோடன் பார்த்துக்கொள்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் சிமெண்டுத் தரையில் நின்று பாடம் நடத்துகிறேன். நாற்பத்தைந்து வயது வரைக்கும் எனக்குக் குதிகால் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. அதற்குப் பிறகு அதைத் தவிர வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் நான் போடும் "ஐயோ"தான் எங்கள் வீட்டு அலாரம். அதைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் பால் கறக்க எழுந்திருப்பார்.

செய்யாத வைத்தியம் இல்லை. சுட்ட செங்கல்மேல் எருக்கிலையை வைத்து ஒத்தடம் கொடுத்தேன். ஐஸ் வைத்தேன். சூடு நல்லதா, குளிர்ச்சி நல்லதா என்று குழப்பம் வந்தபோது ஒரு காலுக்கு அதையும் மறு காலுக்கு இதையும் கொடுத்து ஆராய்ச்சி செய்தேன் (முடிவு: இரண்டு காலும் வலித்தன). கடைசியில் டாக்டர் செருப்பு வாங்கினேன். கறுப்பாக, கனமாக, பார்க்க எருமைக் குளம்பு மாதிரி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் சத்தத்தை வைத்தே புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள்.

அப்போதுதான் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் கவின்மதி போனில் சொன்னாள். "அம்மா, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே வலிம்மா. இப்ப வெறுங்கால்ல ஓடறாரு. நல்லாருக்காரு. ஆனா நீ டாக்டர்கிட்டக் கேட்டுட்டு, மொதல்ல மண்ணுல நட. மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா…"

நான் "வெறுங்கால்ல ஓடறாரு" என்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஐம்பதை நெருங்கும் எனக்கு என் வயிற்றில் பிறந்தவள் நடை பழக்கிவிடுவதா?

கடலை பிடுங்கிய காடு சும்மா கிடந்தது. மழைக்குப் பிறகு உழுது போட்ட செம்மண், பஞ்சாக இருந்தது. அதில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் வேலியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் ஓடிவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் விடவில்லை. நாளாக ஆக வலி குறைந்தது. ஒரு நாள் காலையில் "ஐயோ" வரவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்திருக்காமல் தூங்கிவிட, மாடு கத்தி ஊரைக் கூட்டியது. அன்றைக்கே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. காடு போதாது, இனி ரோடுதான் என்று முடிவு செய்தேன்.

செங்கோடன் அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்கு உலகத்தில் ஒரே பயம், ஊர். "காட்டுக்குள்ள எத்தன வேணும்னாலும் ஓடு சாந்தா. ரோட்டுல மட்டும் வேண்டாம். பொம்பள செருப்பில்லாம ரோட்டுல ஓடுனா ஊரு என்ன நெனைக்கும்?"

"ஊரு என்ன நெனச்சா நமக்கென்னங்க?"

"அட, அந்தச் செருப்பையாவது போட்டுட்டு ஓடு."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அத்தனை மாதம் என் காலை அடைத்து வைத்திருந்த செருப்புக்கு வக்காலத்தா? "இனி இந்தச் செருப்ப என்ற காலு தொடாது!" என்று கத்தி, இரண்டையும் எடுத்து வாசலைப் பார்த்து வீசினேன். ஒன்று கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னொன்று பக்கத்து வீட்டு ருக்குமணியக்காவின் கோழிக்கூடைமேல் போய் விழுந்தது. அக்கா அப்போது கோழி அடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். ருக்குமணியக்கா ஒன்றுமே கேட்காமல் போனதை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் திட்டம் அருமையானது. பக்கத்து ஊரில் என் அண்ணன் நல்லசிவத்தின் தோட்டம், நான் பிறந்த வீடு. அங்கே வரைக்கும் ஓடுவது, நங்கையா கையால் இட்லி சாப்பிடுவது, பஸ்ஸில் திரும்புவது. (அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கையா என்போம்.) ஓட வசதியாகச் சுடிதார் போட்டுக்கொண்டேன். அங்கே போய்க் கட்டிக்கொள்ள ஒரு புடவையைத் துணிப்பையில் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டேன். தாலிக்கொடி குதித்துக் குதித்து நெஞ்சில் அடிக்கும் என்று அதை உள்ளே தள்ளிக்கொண்டேன். செங்கோடன் மாட்டுக் கொட்டகையில் இருந்தார். "அண்ணன் ஊட்டுக்கு ஓடறேனுங்க!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, ருக்குமணியக்காவுக்குக் கேட்டது.

இப்போது யோசித்தால் புரிகிறது. முந்தின நாள் சாயங்காலம் வாசலில் செருப்புப் பறந்திருக்கிறது. மறுநாள் விடிந்தும் விடியாமல் வெறுங்கால், தலைவிரி கோலம், கழுத்தில் தாலி தெரியவில்லை, முதுகில் துணி மூட்டை, ஓட்டம் பிறந்த வீட்டை நோக்கி. இதில் விடை காண ஒரு கணக்கு டீச்சர் தேவையில்லை.

ரோட்டில் பால்காரர் மொபெட்டில் எதிரே வந்தார். என்னைக் கடந்து போனவர், வண்டியைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏனுங் டீச்சரம்மா, வண்டில ஏறுங்க. அண்ணன் ஊட்ல உட்டுடறனுங்க."

"வேண்டாமுங்க, நான் ஓடியே போறேன்."

"அழுவாதீங்க டீச்சரம்மா. எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்க."

"அழுவலீங்க, வேர்வைங்க இது!"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை முறுக்கி எனக்கு முன்னால் போய்விட்டார். போக வேண்டிய வழியை விட்டுவிட்டு எதற்கு வந்த பக்கமே திரும்பிப் போகிறார் என்று நான் யோசிக்கவேயில்லை. என் நினைப்பெல்லாம் என் கால் ஓடும் அழகில் இருந்தது. டவுன் பஸ்ஸில் போனவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மிதப்பில்தான் ரோட்டை விட்டு அண்ணன் தோட்டத்துக் குறுக்கு வழியில் இறங்கினேன். இறங்கிய இடம் வேலிக்காத்தான் முள் வெட்டிப் போட்ட இடம். சதக்கென்று ஒன்று ஏறியது. ஏறினது எங்கே? எத்தனையோ மாதம் செங்கல் சுட்டுக் காப்பாற்றிய அதே குதிகாலில். அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு ரத்தம் வடிய, நொண்டிக்கொண்டு, முகமெல்லாம் கண்ணீரும் மண்ணுமாக என் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

களத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் களத்தில் நாற்காலி போட்டு, அண்ணனுடைய பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது ஒன்று இழவு, இல்லை பஞ்சாயத்து. யாரும் அழவில்லை. ஆகையால் பஞ்சாயத்து என்று புரிந்தது. யாருக்கு என்பதுதான் புரியவில்லை. ஓரமாகப் பால்காரர் நின்றுகொண்டிருந்தார்.

நங்கையா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "என்ற கண்ணு! இப்படி ரத்தம் வர வர ஓடி வர்ற மாதிரி என்ன பண்ணுனாரு அந்த மனுசன்?"

"அவரு ஒண்ணும் பண்ணலீங்க நங்கையா."

இதைவிட மோசமான பதிலை நான் சொல்லியிருக்க முடியாது. கோபித்துக்கொண்டு வருகிற எந்தப் பெண்ணும் முதலில் சொல்லும் வார்த்தை அதுதான். களத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "இத்தன வருசத்துல மாப்ளையும் நானும் ஒரு வார்த்த மொகஞ் சுளிச்சுப் பேசுனதில்ல. இன்னிக்குப் பேச வேண்டியதாப் போச்சு."

"அண்ணா, நான் சும்மா ஓடி வந்தேன்! காலு வலிக்கு!"

"காலு வலிச்சா ஆராச்சும் ஓடுவாங்களா சாமி?" என்றார் பங்காளி ஒருவர், மிகுந்த பரிவோடு. நங்கையா வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து முள்ளை நோண்ட ஆரம்பித்தார். நான் அலறிய ஒவ்வொரு அலறலும் செங்கோடன் கணக்கில் ஏறியது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் செங்கோடனின் பைக் வந்து நின்றது. ஒன்றும் அறியாத மனிதர், கையில் மஞ்சள் பை. திரும்பி வரும்போது எனக்குக் கால் வலிக்குமே என்ற கரிசனத்தில், வீசியெறிந்த டாக்டர் செருப்பைக் கேட்டுப் பக்கத்திலிருந்தும் கோழிக்கூடைமேலிருந்தும் மீட்டு எடுத்து வந்திருக்கிறார். களத்து நடுவில் வந்து நின்று, பையிலிருந்து இரண்டு செருப்பையும் வெளியே எடுத்தார்.

மச்சான் வீட்டுக் களத்தில், பங்காளிகள் எதிரில், கையில் செருப்போடு ஒரு மாப்பிள்ளை. நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

"என்ன மாப்ள இது?" என்றார் அண்ணன்.

"செருப்புங்க மச்சான். நேத்து வீசுனதுங்க."

"நீங்க வீசுனீங்களா?"

"நான் எதுக்குங்க வீசறேன்? அவதானுங்க."

களம் அப்படியே என் பக்கம் திரும்பியது. ஒரு நிமிஷத்துக்கு முன் அபலையாக இருந்தவள், கட்டின புருஷன்மேல் செருப்பை வீசிவிட்டு ஓடி வந்தவளாகிவிட்டேன். முள்ளை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நங்கையா, கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக விளையாட்டு போய்ப் பயம் வந்தது. தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். யார் பக்கம் தப்பென்றாலும் அவருக்கு அன்றைக்கு அவமானம்தான். என் காலைக் குணப்படுத்தப் போய் இரண்டு வீட்டு உறவுக்கு முள் ஏற்றிவிட்டேனோ என்று தோன்றியது.

"நான் ஓடிப் பழகறேன்னு சொல்றது நெசமுங்க! வேணும்னா ஓடிக் காட்டறேன்!" என்று எழுந்தேன். அத்தனை பேர் பார்க்க, களத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு காலில் நங்கையாவின் பழைய புடவைத் துணிக் கட்டு. கால் கட்டின கோழி மாதிரிதான் இருந்திருக்கும். ஒரு சுற்று முடிந்தது. யாரும் சிரிக்கக்கூட இல்லை. "பாவம், புள்ளைக்கு மனசு கலங்கிப்போச்சு" என்றார் பரிவான பங்காளி.

இரண்டாவது சுற்றில், பக்கத்தில் தப் தப்பென்று இன்னொரு சத்தம். திரும்பினால் செங்கோடன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னோடு ஓடிவருகிறார். நல்ல விஷயத்துக்குக்கூட வேகமாக நடந்து நான் பார்க்காத மனிதர்.

"ஏனுங்க, ஊரு என்ன நெனைக்கும்?" என்றேன் மூச்சிரைக்க.

"அது எல்லாத்தையும் நெனச்சு முடிச்சிருச்சு. நீ ஓடு."

மணவறையைச் சுற்றி வந்தபோதுகூட எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்ததில்லை (அன்றைக்கு அவர் யாரென்றே எனக்குச் சரியாகத் தெரியாது). ஒரு சுற்று முழுதாக வருவதற்குள் அவர் காலிலும் ஏதோ குத்தி "ஐயோ" என்று உட்கார்ந்தார். அச்சு அசலாக என் "ஐயோ". முதலில் சிரித்தது அண்ணன்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு களமே சிரித்தது. பஞ்சாயத்துக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தே எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். மத்தியானம் நாட்டுக்கோழி அடித்தார்கள். கோபித்து வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று நங்கையா எனக்குப் புதுப்புடவையும் ஒரு சீப்புப் பழமும் வைத்துக் கொடுத்தார். நான் கோபித்து வரவில்லையே என்று வாய் வரைக்கும் வந்தது. புடவை நன்றாக இருந்ததால் சொல்லவில்லை.

முள் குத்தின புண் ஆறியதும், மகள் முதலில் சொன்னபடி டாக்டரைப் பார்த்துவிட்டு, மண்ணில், மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தேன். இன்றும் ஓடுகிறேன். வலி எப்போதாவது எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பால்காரர் என்னைக் கண்டால் "ஏறுங்க டீச்சரம்மா, பஞ்சாயத்துக்கு நேரமாச்சு" என்பார். எல்லாம் சுகம்தான். ஒரே ஒரு நஷ்டம்.

போன மாதம் எனக்கும் செங்கோடனுக்கும் உண்மையாகவே சண்டை. நல்ல பெரிய சண்டை. பட்டுப்புடவை கட்டி, செருப்பு மாட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போனேன். ருக்குமணியக்கா "விசேஷமுங்களா?" என்று வழியனுப்பினார். நங்கையா என் காலைப் பார்த்தார், செருப்பு இருந்தது. "அட, விருந்துக்கு ஒறம்பரையா வந்திருக்கறயா அம்மிணி? வா, காப்பி குடி" என்றார். "நான் கோவிச்சுக்கிட்டு வந்திருக்கறேன்" என்றேன். அண்ணன் தோள் குலுங்கச் சிரித்து, கோழி பிடிக்கப் போனார்.

பொழுது சாயும்வரை யாரும் நாற்காலி போடவில்லை. பொறுக்க முடியாமல் நானே செங்கோடனுக்குப் போன் செய்து, நான் கோபித்துக்கொண்டு வந்திருப்பது தெரியுமா என்று கேட்டேன்.

"அப்படியா? உன்ற செருப்பைக் காணோமா, அதனால நீ சும்மா போயிருக்கறேன்னு நெனச்சுட்டேன்" என்றார். "சரி, வரும்போது கோழிக்கொழம்பு ஒரு தூக்குல வாங்கிட்டு வந்துரு சாந்தா."

கடைசி பஸ்ஸில், தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.