மிளகுத் துரையும் கராம்பு மாப்பிள்ளையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஆங்கிலம் பேசவே கூடாது. பேசியே தீர வேண்டுமென்றால், பாடப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் பேச வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பன்விலப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். பெண் வீடு கட்டுகஸ்தோட்டையில். தகப்பனார் யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வாசலில் ஒன்பது செருப்புகள் கிடந்தன. ஒற்றைப்படையாக எப்படி வரும் என்ற சந்தேகத்துடனேயே உள்ளே போனேன். (என் சுபாவம் அப்படி.)

"உம்மட துரை எப்பிடிப்பட்டவர்?" என்றார் தகப்பனார்.

"பெப்பரி, ஐயா. மிளகு மாதிரி, சட்டெண்டு கோபம் வரும். சின்னத்துரை நட்டி, அரைப் பைத்தியம். கொட்டையில இருந்து வந்த சொல். பெரிய கிளாக்கர் ஃபிஷி. அது மீன். ஆளை நம்பேலாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிதர்களைச் சமையல் சாமானாக்கும் ஆங்கிலத்தை அவர் ரயில்வேயில் கேட்டதே இல்லை.

"இது எந்தப் புத்தகத்தில இருக்கு, தம்பி?"

"புத்தகத்தில இல்லை. கிளப்பில துரைமார் பேசுறது."

"கிளப்பிலயோ?"

உடனே பெண்ணின் தாய்மாமன் என் பக்கம் நெருங்கி மூக்கை உறிஞ்சினார். "அத்தான், கராம்பு மணக்குது. குடிச்ச வாயை மறைக்கத்தான் கராம்பு சப்புறவங்கள்."

"பல்லு வலி..." என்றேன்.

"ஓம், ஓம். கிளப்புக்குப் போறவைக்கெல்லாம் பல்லு வலிக்கும்."

கதவுவரை வந்த பலகாரத் தட்டு திரும்பிப் போயிற்று. (ஆறு வடை. நான் பார்த்தேன்.) என்னைக் கூட்டி வந்த கலியாணப் புறோக்கர் குடையைத் தேடினார். குடிகாரன் என்று பெயர் கிளம்பினால் யாழ்ப்பாணம் வரை எனக்குப் பெண் கிடையாது. உண்மையைச் சொன்னாலோ மானம் கிடையாது. மானத்தை விட்டேன்.

"ஐயா, நான் கிளப்புக்குள்ள கால் வைச்சதே இல்லை. துரையிட்டைக் கையெழுத்து வாங்கக் கடதாசியோட பின்படியில நிப்பன். உள்ளுக்குப் பேசுறது காதில விழும்."

"மழை பெய்தால்?"

"நனைவன்."

"இருக்க ஒரு கதிரையும் தரமாட்டினமோ?"

"இல்லை, ஐயா."

கிழவரின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு நிண்டும் வேலையை விடேல்லை! இவன் என்ர மகளோட காலம் தள்ளுவான். தட்டைக் கொண்டு வாங்கோ!"

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது எழுந்து எனக்கு இடம் தந்தால், என் மனைவி பந்திக்கே கேட்கும்படி சொல்லுவாள்: "நீங்கள் இருங்கோ தம்பி. அவர் நிண்டே பொம்பிளை எடுத்த மனுசன்."