எண்பதடி உயரத்தில் ஒரு வளை

ஒரு காட்டில் வெள்ள முன்னறிவிப்புத் துறை ஒன்று இருந்தது. அதன் தலைமைப் பொறியாளர் திருவேங்கடம் என்ற கழுகு. வானத்தில் பறந்தபடியே மேடுபள்ளங்களை அளந்து கணினியில் ஏற்றி, எங்கே தண்ணீர் ஏறும் என்று மழைக்கு முன்பே சொல்லிவிடுவார்.

அந்த வருடம் அவருடைய வரைபடம், ஓடைக்கரை மருதந்தோப்புதான் காட்டிலேயே பாதுகாப்பான மேடு என்றது. அந்தத் தோப்பில் வளை தோண்டிக் குடியிருந்த முள்ளம்பன்றி பேச்சியம்மாள் பதறிப்போய் அலுவலகத்துக்கு வந்தாள்.

"சார், நாங்க இருக்கிறது பள்ளம். சின்ன மழைக்கே வளைக்குள்ள தண்ணி வந்துடும். மூணு குட்டி வெச்சிருக்கேன்."

அவர் திரையைப் பார்த்தார். "உன் வீடு எண்பதடி உயரத்துல இருக்கும்மா."

"அது மரத்தோட உச்சி சார். தரை அதுக்குக் கீழே இருக்கு."

தரையில் நடந்து அவருக்குப் பழக்கமில்லை. "வரைபடத்தோட கட்டம் பெரிசா இருக்கிறதுதான் கோளாறு. சின்னதாக்கிடறேன்," என்றார்.

நூறடிக் கட்டங்களை ஓரடிக் கட்டங்களாக்கினார். கணினி பல நாள் உறுமியது. புதிய வரைபடத்தில் மரங்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. தோப்பு எண்பதடி உயரத்திலேயே இருந்தது, முன்பைவிடத் துல்லியமாக. சிங்கராஜா அவருக்குச் சால்வை போர்த்தினார்.

மலையில் மேகம் உடைந்தது. எல்லோரும் தோப்புக்குப் போகும்படி உத்தரவு வந்தது. பேச்சியம்மாள் மட்டும் குட்டிகளை ஓட்டிக்கொண்டு மேட்டிலிருந்த மொட்டைப்பாறைக்குக் கிளம்பினாள். வழியில் காவல் செந்நாய் மறித்தது.

"அங்கே மரமே இல்ல. வரைபடத்துல அது தாழ்வான பகுதி. திரும்பிப் போம்மா."

திரும்பினாள். தோப்பை அடைந்த சற்று நேரத்தில் ஓடை சுவர் போல எழுந்து வந்தது. ஏறத் தெரிந்தவர்கள் ஏறினார்கள். கருமந்தி ஒன்று குட்டிகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிவிட்டு, கடைசியில் அவளையும் பிடித்து இழுத்தது.

"முள்ளை ஒடுக்கிக்கோ அக்கா, கை கிழியுது."

விடிந்ததும் திருவேங்கடம் ஆய்வுக்குப் பறந்து வந்தார். பிழைத்தவர்கள் எல்லோரும் மரவுச்சிகளில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். உயரத்தை அளந்தார். சரியாக எண்பதடி. மரமேறத் தெரியாத முயல்களை வெள்ளம் வரைபடத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட்டதால், அவை அறிக்கையில் இடம்பெறவில்லை.

பேச்சியம்மாள் குட்டிகளை அணைத்தபடி கேட்டாள்: "இப்பவாவது தரை எங்கே இருக்குன்னு தெரியுதா சார்?"

"நீ உட்கார்ந்திருக்கிறதுதாம்மா தரை," என்றார் அவர். குறித்துக்கொண்டு பறந்தார்.

நீதி: வரைபடத்தை அவசரப்பட்டுத் திருத்த வேண்டாம், வெள்ளம் வந்தால் குடிமக்களே அதற்கேற்ற உயரத்துக்கு ஏறிக்கொள்வார்கள்.