மீட்டர் பார்ப்பவன் உய்த்துணர்ந்தது

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அத்தானும் சுகமா என்று வழக்கம்போல் ஒரு வரி கேட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதாக இல்லை. இந்தமுறை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும்.

இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன் நான். கண்ணில் தெரிகிற எண்ணை எழுதுவேன். கதவு சாத்தியிருந்தால் ‘பூட்டிய வீடு’ என்று எழுதுவேனே தவிர, உள்ளே எத்தனை ஓடியிருக்கும் என்று ஊகிக்க எனக்கு உரிமை கிடையாது. இப்படிப்பட்டவனை மேற்பார்வையாளர் பதவிக்குத் தேர்வு எழுதச் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி மதிப்பெண் வாசித்துப் புரிந்துகொள்வதற்காம். ஒரு கதைத்துண்டைக் கொடுத்து, அதில் எழுதாததைக் கேட்பார்கள்; உய்த்துணர்தல் என்று பெயர். பயிற்சிப் புத்தகம் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். முதல் பகுதியில் ஒரு பெண் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள், ஒன்றில் சாப்பிடுகிறாள், இரண்டையும் கழுவிக் கவிழ்க்கிறாள். இவளைப் பற்றி என்ன அறிகிறீர்கள் என்று கேள்வி. ‘இவளிடம் குறைந்தது இரண்டு தட்டுகள் உள்ளன’ என்று எழுதினேன். திருத்த வாங்கிய என் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“ஏங்க, அவ புருஷன் செத்துட்டாருங்க.”

“எந்த வரியில செத்தாரு? காட்டு.”

“வரியில இல்ல. அந்தத் தட்டைக் கழுவுறதுல இருக்கு.”

அழுக்காகாத தட்டை எதற்குக் கழுவ வேண்டும் என்று அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை, அக்கா. முன்பின் தெரியாதவள், காகிதத்தில் இருப்பவள், ஆனாலும் அவள் சமையலறையை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நானோ பார்த்ததையெல்லாம் உய்த்துணர ஆரம்பித்தேன். எதிர்வீட்டுப் பல் டாக்டர் வீட்டில் திரைச்சீலை இல்லை, வாசலில் அட்டைப்பெட்டிகள். தொழில் நொடித்து ஊரைவிட்டே கிளம்புகிறார் போலிருக்கிறது என்று மனசு கனத்து, நேரே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கலங்காதீங்க சார், போற ஊர்லயும் ஜனங்களுக்குப் பல்லு இருக்கும்” என்றேன். அவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாராம். மறுவாரம் எங்கள் பிரிவு அதிகாரி என்னைப் பார்த்ததும் கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார். மெதுவாகச் சாத்துவது அடக்கிய கோபம் என்று புத்தகத்தில் இருந்தது. உள்ளே போய், நாய்க்குப் பயந்து ஒரு வீட்டு மீட்டரை வாசல் கேட்டுக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்து எழுதியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்த நாயையும் தெரியாது, வீட்டையும் தெரியாது. கதவுக்கு அன்றுதான் எண்ணெய் போட்டிருந்தார்கள். இப்போது தெரிந்துவிட்டதால் விசாரணை நடக்கிறது.

“நீங்க ஊகிக்கல, கதை கட்டுறீங்க” என்றாள் இவள். “ஆதாரம் வேணும். ரெண்டு தரம் படிங்க, அடிக்கோடு போடுங்க, அப்புறம் வாயத் திறங்க.”

புத்தகம் தீர்ந்துபோயிற்று. வேறு பகுதிக்கு எங்கே போவது? இவள் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, உங்கள் கடிதங்களை மேசையில் பரப்பினாள். போனில் நீங்கள் ‘ம்’, ‘சரி’, ‘வை’ என்று மூன்றே சொல்லோடு முடித்துவிடுவீர்கள்; பேசுவதெல்லாம் எழுத்தில்தான். ஆறு வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றில், ‘தையல் மெஷினைக் கொடுத்துவிட்டேன், இடத்தை அடைக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். நான் என்ன பதில் எழுதினேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது: ‘நல்ல காரியம், கூடம் விசாலமாகியிருக்கும்.’ உங்கள் வலது கண்ணில் பார்வை போனதை ஒரு வருடம் கழித்து அத்தான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போதும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. இவள் அந்த வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை வருடம் உங்கள் கடிதங்களுக்கெல்லாம் ‘பூட்டிய வீடு’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன், அக்கா. நீங்கள் ஒரு தடவைகூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

அதனால் போன மாதக் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். கட்டிலை மாடியிலிருந்து கீழே கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தான் காலைநடையை நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். நடுவில் பேனா நின்று, மீதி பென்சிலில் இருக்கிறது. அவசரமாக யாரோ கூப்பிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடிக்கோடு போட்டாயிற்று. அத்தான் படுத்த படுக்கையாக இருக்கிறார், எங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று மறைக்கிறீர்கள். தேர்வு சனிக்கிழமை. இருக்கட்டும், அது அடுத்த வருடமும் வரும். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கிளம்பி வருகிறோம். அத்தானுக்கு எங்கள் வணக்கம். எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லவும்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் இவள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டாள். மாடியில் நர்ஸ் ஒருத்தி குடிவந்திருக்கிறாளாம், கட்டில் அதனால் கீழே. அத்தான் நடையை விட்டது சைக்கிள் வாங்கியதால். பேனாவில் மை தீர்ந்துவிட்டதாம். மூன்றும் தப்பு. “பேசாம அவனப் போயி பரீட்சை எழுதச் சொல்லு” என்றீர்களாம். சரியென்று பெட்டியிலிருந்து சட்டைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். போனை வைப்பதற்கு முன்னால், “அவன் இன்னும் ரெண்டு தலகாணி வெச்சுதான் படுக்கிறானா?” என்று கேட்டீர்களாமே, அதை இவள் அப்புறம்தான் சொன்னாள். வராதவனுக்கு எதற்குத் தலகாணிக் கணக்கு? சட்டைகளைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு இருபது வண்டி.