கழற்றி வைத்த கம்பி

இந்தக் குற்றாலச் சீசன் முடிவதற்குள் தன் மோட்டார் சைக்கிளின் விளக்கு, பேட்டரி, ஹாரன் அத்தனையையும் தன் கையாலேயே புதுசாக்கிவிடுவது என்று கூட்டுறவு இன்ஸ்பெக்டர் தாணுமாலயன் சபதம் எடுத்தார். வாசகசாலையில் பத்துப் பேர் முன்னால் எடுத்த சபதம். வாபஸ் வாங்க வழியில்லை.

வண்டி, செங்கோட்டைக்கு மேலே ஓர் எஸ்டேட் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. எஞ்சின் சிங்கம். விளக்கு மட்டும் மின்மினி. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தாம்பாள அகலத்தில் ஒரு விளக்கும், பெரிய பேட்டரியும், லாரிக்காரனே ஒதுங்குகிற மாதிரி ஒரு ஹாரனும் திருநெல்வேலியிலிருந்து வாங்கி வந்து முற்றத்தில் பரப்பினார். முற்றத்தில் நடக்க இடமில்லாமல் அவர் மனைவி முத்துவடிவு சுவரோடு ஒட்டிப் போனாள்.

"என்னங்க, வெளக்கு சரியாயிட்டா என்னைய ஒருநா அருவிக்குக் கூட்டிட்டுப் போவீயளா?" என்று கேட்டாள்.

"நீ பாக்காத அருவியா?"

"பாத்திருக்கேன். குளிச்சதில்ல."

அது உண்மை. கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து எட்டு வருஷம். குற்றாலம் மூன்றே மைல். ஆனால் சாரல் விழுந்துவிட்டால் போதும், சுரண்டையிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். எந்த வகையில் சொந்தம் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியாது. அவர்களோடு இட்லிச் சட்டியும் எண்ணெய்ப் புட்டியும் சுமந்து போய், அவர்கள் துணிக்கும் செருப்புக்கும் காவல் இருந்துவிட்டு வருவாள். அருவித் தண்ணீர் அவள் தலையில் விழுந்ததைவிட, பிழிந்த துணியிலிருந்து அவள் காலில் விழுந்ததுதான் அதிகம்.

"வெள்ளன அஞ்சு மணிக்குப் போனா அங்கன கூட்டம் இருக்காது. யாரு துணிக்கும் காவல் இருக்காம ஒரே ஒரு தடவ நிக்கணும். அவ்வளவுதான்."

"வெளக்கு எரியட்டும். மறுநாளே போவோம்" என்றார் தாணுமாலயன்.

பெரிய மனசுதான். விளக்கு இப்போதைக்கு எரியாது என்று தெரிந்ததால் வந்த மனசு. மனைவியை வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஊருக்குள் ஓட்டிப் போக அவருக்குக் கூச்சம். கூச்சம் என்பது மரியாதையான வார்த்தை. பயம்.

அந்தப் பயத்துக்கு அவரேதான் காரணம். போன வருஷம் பத்திர ஆபீஸ் முத்துராமலிங்கம் தன் மனைவியை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு ரத வீதியில் வந்தார். வாசகசாலை வாசலில் நின்ற தாணுமாலயன் சும்மா இருந்திருக்கலாம். "ஏலே, சாமி புறப்பாடு வருது, எந்திச்சுக் கும்பிடுங்க" என்றார். ஊரே சிரித்தது. ஒரு வருஷத்துக்கு முத்துராமலிங்கம் எங்கே போனாலும் எவனாவது மேசையில் மேளம் தட்டினான். கடைசியில் அந்த மனிதர் கேரியரையே கழற்றி எறிந்துவிட்டார். அவர் தனக்காக எங்கோ காத்திருக்கிறார் என்று தாணுமாலயனுக்கு நன்றாகத் தெரியும்.

நல்லவேளையாக விளக்கும் ஒத்துழைத்தது. எரியும், அன்றைக்கே பேட்டரி செத்துப்போகும். மறுபடி சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவார், மறுபடி சாகும். மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஒருநாள் முத்துவடிவு அரிவாள்மணையை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த முள்ளு என்னத்துக்கு?"

"அது ஆம்மீட்டர். பேட்டரிக்குள்ள கரண்டு ஏறினா பிளஸ் பக்கம் போவும். பேட்டரியிலேர்ந்து எறங்கினா மைனஸ் பக்கம். இதெல்லாம் ஒனக்கு வெளங்காது."

"வெளங்கலதான். இப்ப எஞ்சின் ஓடல, வெளக்கு மட்டும் எரியுது. அப்ப கரண்டு எறங்கத்தான செய்யும்? முள்ளு ஏறுத பக்கம்லா போவுது. வெளக்கு என்ன, பேட்டரிக்குப் பாலா குடுக்கு?"

தாணுமாலயன் குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரி. எல்லா வண்டிக்கும் போலத்தானே என்று பேட்டரியின் மைனஸ் கம்பியை வண்டி உடம்போடு சேர்த்திருந்தார். துரை வீட்டு வண்டிக்குப் பழக்கமே வேறு. அதற்கு பிளஸ்தான் உடம்போடு சேரவேண்டும். மூன்று வாரமாகப் பேட்டரியைத் தலைகீழாகக் கட்டிவைத்துக்கொண்டு மல்லாடியிருக்கிறார்.

"நீ போயி தோசையப் பாரு" என்றார்.

அவள் போனதும் கம்பிகளை மாற்றிக் கட்டினார். சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்த எரிப்பில் முற்றத்துக் கொய்யா மரம் பட்டப்பகலிலும் நிழல் விழுந்து நின்றது. எஞ்சினைக் கிளப்பியதும் முள் சமர்த்தாக ஏறியது. ஒரு நிமிஷம் ஆனந்தமாக இருந்தது. அடுத்த நிமிஷம், நாளைக்கு அஞ்சு மணி என்பது ஞாபகம் வந்தது. பேட்டரியிலிருந்து ஒரு கம்பியைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தார்.

அந்த வண்டி ஓடுவதற்குப் பேட்டரியே வேண்டாம். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கத் தனியாக ஓர் இயந்திரம் உண்டு. ஆகவே ஆபீசுக்குப் போவதில் சிரமமில்லை. தெருமுனை தாண்டியதும் கம்பியை மாட்டுவார். திரும்பும்போது அதே முனையில் கழற்றுவார். வீட்டுக்குள் வந்து சுவிட்சைப் போட்டுக் காட்டிப் பெருமூச்சு விடுவார்.

"ம்ஹூம். கோளாறு உள்ள இருக்கு. மெட்ராஸ்லேர்ந்து ஒரு சாமான் வரணும்."

"என்ன சாமான்?"

"டபுள் கண்டன்சர்."

அப்படி ஒரு சாமான் உலகத்திலேயே கிடையாது.

ஆடி பாதி போயிற்று. சாரல் மெலிய ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் முத்துவடிவு முற்றத்தில் நின்று, கண்ணை மூடி, முகத்தைத் தூறலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் வந்த தாணுமாலயன் அதைப் பார்த்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி நிற்கிறாளே என்று உறுத்தியது. எட்டு வருஷத்தில் இவள் என்னிடம் வேறு எதைக் கேட்டாள் என்று யோசித்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை, அது இன்னும் உறுத்தியது. பிறகு வாசகசாலையை நினைத்தார். உறுத்தல் அடங்கிவிட்டது.

போதாததற்கு, முன்ஜாக்கிரதையாக ஹாரன் பொத்தானுக்குப் போகிற கம்பியையும் பிடுங்கி, நுனியை அப்படியே தொங்கவிட்டார். விளக்கு தப்பித்தவறி எரிந்துவிட்டால், ஹாரன் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை முத்துவடிவு அவர் வேட்டியை விரித்துப் பிடித்தாள்.

"பேட்டரிப் பக்கமே போவலைங்கீய. வேட்டியில தெனம் ஒரு புது ஓட்டை விழுதே?"

பேட்டரி ஆசிட் பட்டால் துணி பொத்துப்போகும். அதை அவர் யோசிக்கவில்லை.

"அது... பூச்சி."

"ஓ. பூச்சி" என்றாள். ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு எழுப்பினாள். மாற்றுச் சேலையும் எண்ணெய்ப் புட்டியும் பையில் தயாராக இருந்தன.

"ஒரு தடவ சுவிச்சப் போட்டுப் பாருங்க. எரியலன்னா திரும்பப் படுத்துருங்க."

நியாயமான பேச்சு. தாணுமாலயன் கொட்டாவி விட்டுக்கொண்டே போய், கொட்டாவியோடு சுவிட்சைப் போட்டார். எதிர்ச் சுவர் வெள்ளை வெளேரென்றது. வாய் மூடவில்லை.

"மெட்ராஸ் சாமான் வந்துட்டு போலுக்கு" என்றாள் முத்துவடிவு.

"ஆனா ஹாரன் அடிக்காது பாரு. போலீசு..."

"இந்நேரத்துல யாருக்கு அடிக்கப் போறீய? ஏறுங்க."

தெரு தூங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஈ காக்கை இல்லை. பரவாயில்லையே என்று அவருக்கே தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தோடு மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி ரத வீதியில் திரும்பினார். ஹாண்டில்பார் திரும்பியது. தொங்கவிட்ட ஹாரன் கம்பி இரும்பில் போய்ச் செருகிக்கொண்டது. பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்த மாதிரிதான்.

லாரிக்காரனே ஒதுங்குகிற ஹாரன். அலறியது. நிற்கவே இல்லை.

நிறுத்தும் வழி தாணுமாலயனுக்குத் தெரியும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கம்பியில் அவர் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று இவளுக்குத் தெரிந்துவிடும். தவிர, நடுத்தெருவில் சோடியாக நிற்க வேண்டும். அவர் வேகத்தைக் கூட்டினார். ஹாரனும் அதே வேகத்தில் கூடவே வந்தது.

கதவுகள் திறந்தன. விளக்கேற்றிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். கையில் செம்போடு வெளியே வந்த முத்துராமலிங்கம் செம்பைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். அவசரமே படாமல், வண்டி தாண்டும்வரை கும்பிட்டார்.

வழியிலிருந்த மேலகரம் கிராமமும் கழிந்து, கடைசி வீட்டுக்கு அப்பால் தாணுமாலயன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஹாரன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. ஒன்றும் தெரியாதவர் போல ஹாண்டிலைத் தட்டினார், டாங்கியைத் தட்டினார். முத்துவடிவு இறங்கினாள். பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். சரியாக அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தாள்.

அமைதி. விளக்கும் அணைந்தது. கீழ்வானம் லேசாக வெளுத்திருந்தது, சாரல் முகத்தில் விழுந்தது. வெட்கம் வரட்டும் என்று தாணுமாலயன் காத்திருந்தார். வந்தது. ஆனால் ஒரு வருஷமாகப் பயந்த அளவுக்குப் பெரிதாக இல்லை. அதைவிடக் காதடைப்புதான் அதிகம்.

"அந்தக் கம்பி... ஒனக்குத் தெரியுமா?"

"வேட்டி தொவைக்கேன்லா."

"அப்ப ரத வீதியிலேயே சொல்லியிருக்கலாம்லா, ஏட்டி!"

"சொல்லியிருக்கலாம்" என்றாள் முத்துவடிவு, சேலையை ஒதுக்கி மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டு. "மேலக்கோடியில ரெண்டு வீட்டுல இன்னும் கதவு தொறக்கல. அதான் பொறுத்தேன். இனி நீங்க ஒளியதுக்கு ஊருல ஆளு பாக்கியில்ல. நாளையிலேர்ந்து காப்பி குடிச்சிட்டு, நல்லா விடிஞ்ச பெறவே போவோம்."