மாப்பிள்ளைத் தட்டில் இரண்டு ரஸ்க்

"மச்சான், அந்த ரஸ்க் படத்த மொதல்ல எடுங்க," என்றாள் ஸஹ்லா. பஸ் இரைச்சலுக்கு நடுவிலும் கைப்பேசியில் அவள் கோபம் தெளிவாகக் கேட்டது.

வீட்டில் இருந்த அவள் கணவன் ஹுதைஃபா மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்தான். "எதுக்கு எடுக்கணும்? நான் போட்ட பதிவுலயே இதுக்குத்தான் இவ்வளவு கூட்டம்."

"அதான் சொல்லுதேன். எனக்குப் பின்னால ஒக்காந்திருக்க பொம்பள, 'உங்க வீட்டுல மாப்பிள்ளைக்கு ரஸ்க்கா குடுக்குறிய'ன்னு கேக்குறா. ஆத்தூர்ல ஆரம்பிச்சா, பழையகாயல் தாண்டியும் விடல. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த பஸ்சுல ஏறுவேன்?"

ஹுதைஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாராட்டித்தானே எழுதினோம் என்று பதிவை மறுபடி படித்துப் பார்த்தான்.

அவன் அறிவியல் செய்தியாளன். சென்னையிலிருந்து வரும் இணைய இதழ் ஒன்றுக்குக் காயல்பட்டினத்தில் மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறான். முத்துச்சிப்பிப் படுகை, கடல்புல், உப்பளத்துத் தண்ணீரைச் சிவப்பாக்கும் நுண்ணுயிர் என்று வெயிலில் காய்ந்து, படகில் வாந்தியெடுத்து எழுதுவான். அதை நாலு பேர் படிப்பார்கள். அதில் ஒருவர் பிழை திருத்துபவர். அவருக்குச் சம்பளம் உண்டு.

இப்படியே போனால் பத்தியை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துதான், இதழின் ஆசிரியர் ஏஞ்சலின் ஒரு யோசனை சொன்னார். "ஹுதைஃபா, விஞ்ஞானத்த மட்டும் போட்டா யாரும் பாக்க மாட்டேங்குறாங்க. அத எழுதுற ஆளு காலையில என்ன சாப்பிடுறாரு, எங்க ஒக்காந்து எழுதுறாருன்னு போடுங்க. உங்க அன்றாடத்த காட்டுங்க."

காட்டினான். மேசை மேல் மடிக்கணினி, பக்கத்தில் தட்டு, தட்டில் இரண்டு ரஸ்க், ஒரு குவளை தேயிலைத் தண்ணீர். அதில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. படத்துக்குக் கீழே மனம் நெகிழ்ந்து எழுதியிருந்தான்: 'தினமும் என் காலைப் பசியாறை இதுதான். காலையில் இனிப்பும் கொழுப்பும் கூடாது என்று நான் எழுதிய கட்டுரையைப் படித்து, தன் அடுப்படியையே மாற்றிக்கொண்ட ஒரே வாசகர் என் மாமியார்.'

அது உண்மை. குறைந்தபட்சம் அவனுக்குத் தெரிந்த உண்மை. கல்யாணமான புதிதில் ஒரு காலை, மாமனார் மஹ்மூது மாமா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "உங்க கட்டுரைய மாமி படிச்சா மாப்பிள. மாப்பிள்ளையோட கொள்கைய நாம கெடுக்கக் கூடாதுன்னு ரஸ்க்கு குடுத்துவிட்டுருக்கா," என்றார். ஹுதைஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கத்தும். ஒரே வாசகரை இழக்க மனமில்லாமல் பொறுத்துக்கொள்வான்.

மாமியிடம் நேரில் நன்றி சொல்ல வழியில்லை. முத்து பீவி பழைய காலத்து மனுஷி. மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்க மாட்டார், பேசவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டால் மாமி இருக்கிறார் என்று அர்த்தம். போகிற சேதியும் வருகிற சேதியும் மாமா வழியாகத்தான். தட்டும் அப்படித்தான். ஸஹ்லா தூத்துக்குடிக் கல்லூரிக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுவாள். பிறகு மாமா மெல்லப் படியேறி, பாதி வழியில் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இளைப்பாறி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார். காலித் தட்டையும் அவரே எடுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லோருமாகக் கீழே உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். ஞாயிறு விதிவிலக்கு என்று மாமா சொல்லியிருந்தார்.

இவ்வளவு நல்ல மாமியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதினால் தப்பா? தப்புத்தான். இந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது வழக்கம். வந்த மாப்பிள்ளைக்கு என்ன ஆக்கிப் போடுகிறார்கள் என்பதில்தான் மாமியாரின் மானமே அடங்கியிருக்கிறது. பவளப்பாறை எப்படி வளர்கிறது என்று தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்று.

மாமா மூச்சிரைக்க மேலே வந்தார். படியில் இளைப்பாறாமல் அவர் வந்தது அன்றைக்குத்தான்.

"மாப்பிள, அந்தப் படம்... அத அழிச்சிருங்க. ஒடனே அழிச்சிருங்க."

"மாமி பாத்துட்டாகளா?"

"பாத்துட்டா. படுத்துட்டா. அவகிட்ட நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

ஹுதைஃபா பதிவை அழித்தான். அது இன்னும் மோசமாயிற்று. ஏற்கெனவே பாதி ஊர் அதைப் படம்பிடித்து வைத்திருந்தது. 'மாமியார் மிரட்டி அழிக்க வச்சுட்டாங்க போல' என்று யாரோ எழுத, அதற்குக் கீழே அழுகிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. துபாயிலிருந்து ஸஹ்லாவின் தம்பி ஹம்தான் கூப்பிட்டான்.

"மச்சான், எங்க ரூம்ல இருக்க பத்துப் பேரும் நம்ம ஊருக்காரனுவ. என்னயப் பாத்து ரஸ்க்கு வேணுமான்னு கேக்குறானுவ. வீட்டுல என்ன நடக்கு? நான் அனுப்புற காசு பத்தலையா?"

சரி, விளக்கம் கொடுத்துவிடுவோம் என்று முடிவுசெய்தான். அறிவியல் செய்தியாளனுக்கு இருக்கிற பெரிய வியாதி அதுதான். மேற்கோள்களோடு நீளமாக எழுதினான்: 'என்னை யாரும் மிரட்டவில்லை. மாமியார் வீட்டில் தரும் ரஸ்க் எனக்குத் தாராளமாகப் போதும். பசி என்பது பழக்கம்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன.'

'பாவம், பசிய கூட பழகிட்டாரு' என்று முதல் பதில் வந்தது.

ஏஞ்சலின் மகிழ்ச்சியோடு கூப்பிட்டார். "சூப்பர், ஹுதைஃபா. முத்துச்சிப்பிக்கு வராத கூட்டம் ரஸ்க்குக்கு வருது. விடாதீங்க."

அவர் வைத்ததும் அவனுடைய உம்மா ஜஹ்ராவின் அழைப்பு. உம்மா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. அதுதான் ஆபத்து.

"மவனே, நாளைக்கு காலையில ஆட்டோ எடுத்துக்கிட்டு வாரேன். ஒன் துணிமணிய எடுத்து வை. ஒரு நேரம் ஒழுங்கா சோறு போடாத வீட்டுல என் புள்ள இருக்க வேண்டாம்."

"உம்மா, நான் விரும்பித்தான்..."

"பசிய பழகிட்டியாமே. படிச்சேன்." வைத்துவிட்டார்.

வந்த மாப்பிள்ளை பெட்டியோடு உம்மா வீட்டுக்குத் திரும்பினால், அப்புறம் இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்காராது. நடுவில் கிடந்து ஸஹ்லாதான் தவிப்பாள். அவளை விட்டு ஒரு நாள் இருக்கச் சொன்னாலும் அவனால் முடியாது.

சாயங்காலம் ஸஹ்லா வந்ததும் நேரே தன் உம்மா முத்து பீவியின் அறைக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன சொல்லுதாக?"

"சுவரப் பாத்துப் படுத்திருக்காக. 'நான் என்ன கொற வச்சேன்னு உன் மாப்பிள்ளைட்டயே கேளு'ங்குறாக. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குறாக. நான் விடாம கேக்கலாம்னு பாத்தா, பிரஷர் ஏறிரும்னு வாப்பா வெளிய தள்ளிட்டாக."

"ஸஹ்லா, சத்தியமா எனக்கு மாமி மேல ஒரு மனக்குறையும் கெடையாது."

"எனக்குத் தெரியும் மச்சான். ஊருக்குத் தெரியணும்லா? நீங்க எழுதுனது போதும். நாளைக்கு நேரலையில வாங்க. உம்மா ஆக்குற பசியாறைய எல்லாரும் பாக்க உக்காந்து சாப்பிடுங்க. நான் லீவு போடுதேன்."

அறை வாசலில் நின்ற மாமாவின் முகம் வெளுத்தது. "நேரலையெல்லாம் எதுக்கு மாப்பிள? ஊரு ரெண்டு நாள்ல மறந்துரும்."

"உங்க சம்சாரம்லா வாப்பா அழுவுறாக," என்றாள் ஸஹ்லா.

மறுநாள் காலை மாமா அடுப்படி வாசலிலேயே நின்றார். "குடு, நான் கொண்டு போறேன்," என்று இரண்டு முறை கையை நீட்டினார். "நீங்க உக்காருங்க வாப்பா, முட்டு வலியோட எதுக்கு?" என்று ஸஹ்லா தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். மாமாவும் பின்னாலேயே வந்தார்.

தட்டைப் பார்த்து ஹுதைஃபா மலைத்துப்போனான். ஆவி பறக்கும் இடியாப்பம். கிண்ணம் நிறைய இறைச்சிக் குழம்பு, ஊர்ப் பேச்சில் ஆணம். நெய் மினுங்கும் ரவை இனிப்பான தம்மடை. நடுவில் ஆடாமல் அசையாமல், முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம். ஒரே ராத்திரியில் மாமி இவ்வளவையும் செய்திருக்கிறாரே என்று அவன் மனம் உருகியது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. மாமி மாடிக்கே வந்திருந்தார்.

ஸஹ்லா கைப்பேசியைப் பிடிக்க, நேரலை தொடங்கியது. ஹுதைஃபாவின் உம்மா வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குவதா, மகனைக் கூப்பிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஹுதைஃபா இடியாப்பத்தைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தான். சாப்பிட்டான். கண்ணை மூடினான். நடிப்பே தேவைப்படவில்லை. அடுத்து வட்டிலாப்பத்தில் கரண்டியை விட்டான்.

முதல் கேள்வி வந்து விழுந்தது. 'காலையில் இனிப்பு கூடாது என்று எழுதியவர் நீங்கள்தானே?' அடுத்தது, 'ஊருக்குத்தான் உபதேசமா?' அதற்கடுத்து ஒரு டாக்டர், 'இதைப் பார்த்து என் நோயாளிகள் கெட்டுப்போவார்கள்' என்றார். ஏஞ்சலினிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: 'சமாளிங்க. பத்தியோட மானம் போகுது.'

மாமியின் மானம் ஒரு பக்கம், பத்தியின் மானம் மறுபக்கம். ஹுதைஃபா வட்டிலாப்பத்தை விழுங்கிவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தான். அவனிடம் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது. அவன் எழுதியதிலேயே ஓரளவு பேர் வாங்கிய கட்டுரை, 'பத்தியம் இருந்தும் இறங்காத சர்க்கரை: எங்கள் வீட்டில் ஒரு புதிர்.'

"சர்க்கரை நோய சாப்பாட்ட மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாதுங்க," என்றான் கேமராவைப் பார்த்து. "எங்க மாமாவையே எடுத்துக்கோங்க."

மாமா படியில் ஒரு கால் வைத்திருந்தார். ஸஹ்லா கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினாள். மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்களுக்கு எங்க மாமி கடுமையான பத்தியம் வச்சிருக்காங்க. ஒரு நாளும் மீறினதில்ல. என் கட்டுரையில எழுதிருக்கேன். அப்படி இருந்தும் சர்க்கரை முந்நூறுக்குக் கீழ வரமாட்டேங்குது. டாக்டரு மாத்திரைய கூட்டிக்கிட்டே போறாரு. ஏன்? விடியக்காலையில நம்ம கல்லீரலே ரத்தத்துல சர்க்கரைய கொட்டும். மனக்கவலை ஒரு காரணம், பரம்பரை ஒரு காரணம். மனுஷ உடம்பு அவ்வளவு பெரிய புதிர். அதுக்கு உயிரோட இருக்க சாட்சி எங்க மாமா."

"ஆணம் ஆறுது மாப்பிள," என்றார் சாட்சி, துண்டால் நெற்றியைத் துடைத்தபடி. "பேசாம சாப்பிடுங்க."

கேள்விகள் அடங்கின. 'எங்க வாப்பாவுக்கும் இதே கதைதான்' என்று ஒருவர் எழுதினார். அந்த டாக்டரே, 'கல்லீரல் விஷயம் சரிதான்' என்று இறங்கி வந்தார். 'வட்டிலாப்பம் எப்படிடா இருக்கு மவனே' என்று உம்மா ஆட்டோவிலிருந்தே கேட்டிருந்தார். ஆட்டோவைத் திருப்பி அனுப்பும் சத்தமும் கீழே கேட்டது.

ஹுதைஃபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீதி இருந்தது ஒரு வேலைதான். கையைக் கழுவிவிட்டு, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுப் பக்கம் திரும்பினான்.

"மாமி, நீங்க எனக்கு ஒரு கொறையும் வைக்கல. ஊருக்காக ஒரே ராத்திரியில இவ்வளவு சிரமப்பட்டிருக்கிய. என் எழுத்துக்கு நீங்க குடுத்த மரியாதய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நாளையிலருந்து பழையபடி அந்த ரெண்டு ரஸ்க்கே எனக்குப் போதும்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியறியாத முத்து பீவி, அன்று வாயைத் திறந்தார்.

"ரஸ்க்கு ஒங்க மாமாவோட பத்தியம்லா மாப்பிள, ஒங்களுக்குன்னு நான் நெதமும் குடுத்துவிட்டது இதே இடியாப்பமும் வட்டிலாப்பமும்தானே, கிண்ணத்த வழிச்சில்லா காலியா கீழ வந்துச்சு."