பருத்து வரும் கைபேசியும் நகராத மைத்துனரும்

சாசாக் நகரிலிருந்து

அன்புள்ள மருமகன் ஓக்னியனுக்கு,

மாமா வுகாஷின் எழுதுவது. நானும் உன் அத்தை தெசாங்காவும் நலம். நோவி சாத் நகரில் நீயும் உன் கைபேசி பழுதுபார்க்கும் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நலமில்லாதது நீ வாங்கித் தந்த போன் ஒன்றுதான். அது நாளுக்கு நாள் பருத்து வருகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். அந்தப் போனே ஒட்டுக்கேட்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

டிசம்பரில் புனித நிக்கோலா நாள் விருந்துக்கு வந்த உன் அத்தையின் தம்பி ஸ்வெதோமிர், ஜனவரி முடியப்போகிறது, இன்னும் என் சோபாவில்தான் படுத்திருக்கிறார். அவர் வந்த பிறகுதான் போனின் முதுகு மேடிட்டது. எப்போது தன்னை அனுப்பப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிய உள்ளே எதையோ வைத்திருக்கிறார். காப்பியடிக்கும் பையனை வாத்தியார்கள் நாங்கள் வகுப்பில் எப்படிப் பிடிப்போம்? அவன் என்ன எழுதுகிறான் என்று பார்க்க மாட்டோம், எங்கே பார்க்கிறான் என்று பார்ப்போம். இவர் எந்நேரமும் என் போனையே பார்க்கிறார்.

நானோ அதைக் குழந்தையைப் போல வளர்க்கிறேன். சார்ஜ் ஏறினால் அது சூடாகிறது. விளையாடி வேர்த்து வந்த பிள்ளையைக் குறுக்குக் காற்றில் நிறுத்துவோமா? கழுத்து பிடித்துக்கொள்ளாதா? அதனால் ஜன்னல்களைச் சாத்தி, உன் அத்தை பின்னிய கம்பளிக் காலுறைக்குள் போனை நுழைத்து, விறகடுப்பின் பக்கத்துப் பலகையில் வைத்து, சந்தையில் மலிவாகக் கிடைத்த சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போகிறேன். விடிந்து பார்த்தால் சார்ஜர் பிடுங்கிக் கிடக்கிறது, போன் அம்மணமாக மேசைமேல் கிடக்கிறது, ஜன்னல் திறந்து கிடக்கிறது! கேட்டால், "அத்தான், அதுக்கு மூச்சு முட்டுது. பேட்டரி வீங்கிடுச்சு பாருங்க. இனிமே சார்ஜே போடாதீங்க, ஓக்னியன்கிட்ட குடுத்து மாத்திடுங்க" என்கிறார். மாத்தணுமாம்! எதை எடுத்துவிட்டு எதை வைக்கப் பார்க்கிறார், கவனித்தாயா? மேட்டை அமுக்கலாமென்று என் தடித்த அட்லஸ் புத்தகத்தை மேலே வைத்தேன், எடுத்துவிட்டார். கத்தியால் நெம்பப் போனேன், "வெடிச்சுத் தொலையும் அத்தான்!" என்று கத்தியையே பிடுங்கிக்கொண்டார். குற்றமில்லாதவருக்கு ஏன் இத்தனை பதற்றம்?

உன் அத்தையோ, "ஆதாரத்தக் காட்டுங்க, அவன் பெட்டிய நானே கட்டிக் குடுக்கறேன். அதுவரைக்கும் என் தம்பி இங்கதான் இருப்பான்" என்கிறாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து, அவள் கண்ணெதிரே போனைத் திறந்து காட்டு. என் சோபா உன் கையில்தான் இருக்கிறது.

கடவுள் உன்னையும் உன் கடையையும் காக்கட்டும். பேருந்தில் இரண்டு பக்க ஜன்னலும் திறந்திருந்தால் கழுத்தைத் துணியால் சுற்றிக்கொள்.

உன் மாமா,
வுகாஷின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அடுப்படியில் காலுறை சீறியது, புகைந்தது. நான் மலைத்து நின்றேன். ஸ்வெதோமிர்தான் அடுப்பு இடுக்கியால் அதைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடி, குளிர்காலத்துக்குக் கேரட் புதைத்து வைத்த மணல் தொட்டியில் போட்டார். போட்டதும் தீப்பற்றிக்கொண்டது. வீடு தப்பியது. புகை போகட்டுமென்று எல்லா ஜன்னல்களையும் நான் திறந்துவிட, அவர் வேர்த்து வழிய நடுவில் நின்றிருக்கிறார். இப்போது கழுத்து திரும்பவில்லை. "வீட்டக் காப்பாத்தினவன இப்படிக் காத்துல நிறுத்திட்டீங்களே!" என்று உன் அத்தை அழுகிறாள். ஈஸ்டர் வரை அவர் சோபாவை விட்டு அசையக் கூடாதாம். மேலே எழுதிய எதையும் நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு புதுப் போன், அதற்கே உரிய சார்ஜர், எனக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வா.