மிளகு மூட்டையில் ஹால் டிக்கெட்

பெண்டாட்டி ருக்குமணியை நாளைக்குச் சேலம் பஸ் ஏற விடக்கூடாது. மலைமேல் அரியூர் நாட்டில் மிளகு வியாபாரம் செய்யும் காளியண்ணன் சபதமே எடுத்துவிட்டான்.

காளியண்ணன் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. தராசை நம்பமாட்டான். படிக்கல்லை நம்பமாட்டான். மழை பெய்தால்கூடக் கையை நீட்டிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வான். அவள் தபாலில் எம்.ஏ. சேர்ந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் போச்சு. பொது மேலாண்மையாம். நாளைக்குச் சேலத்தில் 'தகவல் பாதுகாப்பும் நெறிமுறையும்' என்று பரீட்சையாம். பாதுகாக்கிற அளவுக்கு இவளிடம் என்ன தகவல்? செம்மேட்டு கம்ப்யூட்டர் சென்டரில் பாஸ்வேர்டு தட்டும்போது, "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாளே! கல்யாணமான நாளிலிருந்து அவனைத் திரும்பச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாஸ் பண்ணினால் ஆபீஸ் வேலை. ஆபீசுக்குப் போனவள் புருசனையே பைலில் போட்டுக் கட்டிவிடுவாள்.

அதனால் ஹால் டிக்கெட்டை ஒளித்துவிட்டான்.

"ஏனுங்க, என்ற ஹால் டிக்கெட்டைப் பாத்தீங்களா?"

"நானெதுக்குப் பாக்கறேன்? உன்ற தகவலு, நீதான் பாதுகாக்கோணும்."

"சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தனுங்க."

"அப்ப சாமியைக் கேளு."

"சாமி உங்களையல்லோ கை காட்டுது!"

"இந்தக் காலத்துல சாமியையும் நம்பறதுக்கில்ல."

ருக்குமணி அழவில்லை. சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போனாள், வந்தாள். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"வணக்கம் சார். பல்கலைக்கழகத்துலேருந்து பேசறோம்."

பெண் குரல். பட்டணத்துப் பேச்சு. அவனை யாரும் இதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. இருந்தாலும் உஷாரானான். மலை லைனில் கத்தினால்தான் கேட்கும், கத்தினான்.

"பல்கலைக்கழகம்னு எப்படிங்க நம்பறது?"

"நம்பாதீங்க சார். நம்பாத ஆளைத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்."

காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பல வீட்ல ஹால் டிக்கெட் காணாமப் போகுது சார். நீங்களும் மேஜை டிராயர்லதானே போட்டு வெச்சிருக்கீங்க?"

"டிராயரா! ஏமாந்த சோனகிரி பண்ற வேலைங்க அது."

"அப்ப பீரோவா சார்?"

"பீரோச் சாவி பொம்பளை இடுப்புலயல்லோ இருக்குது! நான் வெச்ச எடத்தை ஒரு பயலும் கண்டுபிடிக்க முடியாதுங்க."

"இப்படித்தான் சார் இன்னொருத்தரும் சொன்னாரு. எலி தின்னுடுச்சு."

ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"எலியா? மிளகு மூட்டைக்குள்ள எந்த எலிங்க வரும்? பின்கட்டுல, செவுத்தோரம், அடி மூட்டை! எவனாச்சும் கையை விட்டான்னா நெடியில தும்மியே சாவான். எனக்கு வாசல் வரைக்கும் கேக்கும்!"

"அற்புதம் சார். உங்களை எங்க பாடத்துலயே சேர்க்கலாம்."

போனை வைத்தான். மீசையைத் தடவினான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பின்கட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. நிம்மதியாகத் திரும்பினான்.

மூக்கைச் சுற்றி ஈரத் துண்டு கட்டிக்கொண்டு ருக்குமணி நின்றாள். கையில் ஹால் டிக்கெட். மிளகுத் தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஆரு புள்ள அது போன்ல?"

"மெஹ்ரினுங்க. பேளுக்குறிச்சி ஜீனத் பீவி அக்கா மக. எங்கூடத்தான் படிக்குது. உறைமோர் வாங்கப் போனப்ப பக்கத்து ஊட்டுப் போன்ல சொல்லிட்டு வந்தனுங்க."

"அடிப்பாவி! பொய் சொல்லி ஒரு மனுசன் வாயைப் புடுங்குவீங்களா? நெறிமுறைன்னு என்னமோ படிக்கறியே, அதுல இதைச் சரின்னா போட்டிருக்குது?"

ருக்குமணி துண்டை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள்.

"பாதுகாப்பு வரைக்குந்தானுங்க படிச்சிருக்கேன். நெறிமுறையை நாளைக்கு பஸ்ல போறப்பத்தான் படிக்கோணும்."